கர்ண விதியும் கணிப்பான் நிரலும்

(சங்கத்தின் கொற்கைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



யாம் இன்று எடுத்துக்கொண்ட பொருள் கணிப்பானில் நிரல் எழுதுதல் என்பதாகும். 'தமிழ்ப் பண்டிதருக்கு இதில் என்ன வேலை?' என்று முன்வரிசையில் இருவர் தமக்குள் வினவிக்கொண்டது எம் செவியிலும் விழுந்தது. வினா தக்கதே. யாம் கணிதம் கற்பிக்க வந்தோமல்லேம். ஒரு கடனைத் தீர்க்க வந்தோம். சென்ற ஆண்டு ஆவணித் திங்களில் இதே பந்தலில் யாம் முழங்கிய கூற்றொன்று பிழைபட்டது. அதனை நம்பிய பிள்ளையொருவன் தேர்விலே மதிப்பெண் இழந்தான். அப்பிழை எங்கே உள்ளது, எவ்வளவு உள்ளது என்பதை எமக்குக் காட்டியது ஒரு சிறு கணிப்பான். ஆகலின் அக்கருவியைப் பற்றிப் பேசுவதும் எம் பிழையைப் பற்றிப் பேசுவதும் ஒன்றாயின.

அன்று கூறியதை மறந்தார்க்கு நினைவூட்டுவோம். செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்தை அடுத்த பக்கங்கள் இரண்டும் தெரிந்தால், எதிரே சாய்ந்து கிடக்கும் கர்ணத்தை அறிவது யாங்ஙனம்? பள்ளியிற் கற்பிக்கும் முறை, இரண்டையும் வர்க்கித்துக் கூட்டி, வர்க்கமூலம் எடுப்பது. போதாயனர் பெயரால் வழங்கும் செய்யுளொன்றோ வர்க்கமூலமே வேண்டாத விதி ஒன்று கூறுகின்றது. நெடும்பக்கத்தில் எட்டில் ஏழு பங்கும், குறும்பக்கத்தில் பாதியும் சேர்ந்தது கர்ணம் என்பது அதன் கருத்து. நம் பாட்டனார் ஓதிய எண்சுவடி வழக்கிற் கூறின், நெடியதில் முக்காலே அரைக்கால், குறியதில் அரை. இதனைச் சொல்லி யாம் மூன்று எடுத்துக்காட்டும் தந்தோம். நெடியது 4, குறியது 3 ஆயின், மூன்றரையும் ஒன்றரையும் சேர்ந்து 5. நெடியது 8, குறியது 6 ஆயின், ஏழும் மூன்றும் சேர்ந்து 10. நெடியது 12, குறியது 5 ஆயின், பத்தரையும் இரண்டரையும் சேர்ந்து 13. பந்தல் கைதட்டிற்று. கிரேக்கத்துப் பித்தாகோரசு வர்க்கமூலம் தேடி அலைய, நம்மவர் அரையையும் அரைக்காலையும் கொண்டே முடித்துவிட்டனர் என்று யாம் பெருமிதத்தோடு முடித்தோம். அம்மூன்று எடுத்துக்காட்டும் யாம் தேர்ந்தவையல்ல. கைப்பேசியில் வந்த செய்தியில் இருந்தவை. மூன்று பொருந்தின் முந்நூறும் பொருந்தும் என்று கொண்டோம்.

புரட்டாசியில் காலாண்டுத் தேர்வு வந்தது. பக்கங்கள் 15, 8. கர்ணம் காண்க என்பது வினா. விடை 17. நம் கூட்டத்தில் முதல் வரிசையில் அமர்ந்து கைதட்டிய பிள்ளை, 15-இல் எட்டில் ஏழு 13.125 என்றும், 8-இற் பாதி 4 என்றும் கண்டு, 17.125 என்று எழுதி வைத்தான். நம் வழக்கிற் பதினேழே அரைக்கால். மதிப்பெண் இல்லை. 'எங்கள் சங்கத்துப் புலவர் ஐயா சொன்னார்' என்று ஆசிரியரோடு வாதாடியும் பார்த்திருக்கின்றான். அவன் தந்தையார் ஒரு மாலை எம் வீட்டுத் திண்ணையில் வந்து அமர்ந்தார். சினந்து பேசினாரல்லர். "அண்ணாச்சி, மேடையிற் சொல்வதெல்லாம் விடைத்தாளில் எழுதலாம் என்று பையன் நம்பிவிட்டான்" என்று மட்டுமே கூறி, மோர் அருந்திச் சென்றார். சினந்திருந்தால் எமக்கு எளிதாயிருக்கும்.

நிற்க. எம் தமக்கையார் சிங்கப்பூரில் வாழ்பவர். அவர் மகள், எம் மருமகள், அந்நாட்டிலே 'ஜூனியர் காலேஜ்' என்னும் நிலையிற் பயில்பவள். கார்த்திகைக் கடையில் விடுமுறைக்கு இவ்வூர் வந்தபோது தன் தமையன் பயன்படுத்திய பழைய கிராஃபிங் கால்குலேட்டர் ஒன்றைக் கையோடு கொணர்ந்தாள். அந்நாட்டு 'ஏ' நிலைக் கணிதத் தேர்வில் இக்கருவியைத் தேர்வறைக்குள்ளேயே கொண்டு செல்லலாம். நம் மாநிலப் பாடத்திட்டக் கணிதத் தேர்வறையில் அதற்கு இடமில்லை. ஆகலின் ஈண்டுள்ளார் பலர் அதனைக் கண்டிரார். கடைக்காரர் மேசைமேல் இருக்கும் கணிப்பான் கேட்ட கூட்டலைச் செய்து ஓய்வது. இஃதோ சமன்பாட்டைக் கொடுத்தால் அதன் வளைகோட்டைத் திரையிலே வரைந்து காட்டும். எழுதி வைத்த கட்டளைகளை நினைவிற் கொண்டு, வேண்டும்போதெல்லாம் வரிசையாக நிறைவேற்றவும் செய்யும். இவ்வகையில் முதற் கருவியை 1985-இல் ஜப்பானியக் கேசியோ நிறுவனத்தார் வெளியிட்டனர். அமெரிக்க டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் நிறுவனத்தார் 1990-இல் அவ்வழியிற் புகுந்தனர். எம் மருமகள் கையிலிருந்தது அவர்கள் 2004-இல் வெளியிட்ட டி.ஐ.-84 பிளஸ். அதன் திரையில் குறுக்கே 96 புள்ளி, நெடுக்கே 64 புள்ளி, அவ்வளவே. இன்றைய கைப்பேசியின் திரைமுன் அது கரும்பலகையில் சுண்ணக்கட்டியாற் கீறியது போலத் தோன்றும். எமக்கு அதுவே பிடித்தது; கரும்பலகையில் எம் கை பழகியிருக்கின்றது.

கட்டளைகளின் வரிசைக்கு இன்று நிரல் என்று பெயர் வழங்குகின்றது. பெயரிட்டவர் எவராயினும் அவரைப் பாராட்டுவோம். நிரல் என்பது ஒழுங்கு. நிரல்நிறை என்னும் அணியை மாணாக்கர் அறிவர். அவ்வணியிற் சொற்களை ஒரு வரிசையிலும் அவற்றிற்குரிய பொருள்களை அதே வரிசையிலும் நிறுத்துவர்; வரிசை மாறினாற் பொருள் கெடும். கணிப்பானிலும் அதுவே சட்டம்.

முதல் நிரல் நம் ஊருக்குரியதாக இருக்கட்டும் என்றோம். கொற்கையில் நின்று முத்தை நினையாதார் யார்? பெரிப்ளூஸ் என்னும் பழைய கிரேக்கக் கடல்வழி நூலும், தாலமியின் புவிநூலும் கொல்கோய் என்று குறிப்பது இவ்வூரையே. கடல் இன்று சில கல் தொலைவு விலகிப் போயிற்று. அக்கசாலை ஈசுவரமுடையார் கோயிற் பெயரில் மட்டும் பாண்டியர் நாணயம் அடித்த ஒலி எஞ்சியிருக்கின்றது. பிற்காலத்தே சென்னைப் பகுதி முத்து வணிகர் விலைமதிக்கக் கையாண்ட விதியொன்று உண்டு. முத்துகளின் மொத்த எடையை மஞ்சாடிக் கணக்கில் எடுத்து, அதனை வர்க்கித்து, அதில் முக்கால் பங்கு கொண்டு, முத்துகளின் எண்ணிக்கையால் வகுப்பது. வருவது செவ்வு, செவ்வு ஒன்றுக்கு இன்ன விலை என்று பேசி முடிப்பர். இதனை நிரலாக்குதல் எளிது. 'பி.ஆர்.ஜி.எம்.' என்று பொறித்த விசையை அழுத்தி, 'நியூ' என்னும் பகுதிக்குச் சென்று, எட்டெழுத்துக்கு மிகாமல் ஒரு பெயர் தருதல் வேண்டும். (தமிழெழுத்து அதில் இல்லை, முத்து என்பதை ஆங்கிலத்திலே எழுத்துக்கூட்டியபோது எம் மனம் ஒப்பவில்லை.) பின்னர் இரண்டே வரி. 'ப்ராம்ப்ட் எம், என்' என்பது முதல் வரி. எடையும் எண்ணிக்கையும் தருக என்று கருவி கேட்பதற்கு. 'டிஸ்ப் 3எம்²/(4என்)' என்பது இரண்டாம் வரி. கணக்கிட்டுத் திரையிற் காட்டுவதற்கு. எட்டு முத்து, மொத்தம் எட்டு மஞ்சாடி என்று கொடுத்தோம்; 6 செவ்வு என்றது. ஒரே முத்து, எட்டு மஞ்சாடி என்று கொடுத்தோம், 48 என்றது. எடை ஒன்றே, செவ்வு எட்டு மடங்கு. ஆணிமுத்துக்கு ஏன் அரசர் ஏங்கினர் என்பதை வகுப்பறையில் நெடுநேரம் விரித்துரைத்திருக்கின்றோம். இரண்டு வரி நிரல் அதனைச் சுருக்கமாகச் சொல்லிற்று.

இனி எம் கடனுக்கு வருவோம். கர்ண விதியை நிரலாக்கிப் பார்ப்போமா என்று மருமகளைக் கேட்டோம். "எழுதுவது நீங்கள்தான், மாமா, நான் பார்த்துக்கொண்டிருப்பேன்" என்று கருவியை எம் கையில் தந்துவிட்டாள். எல் என்னும் அறையில் நெடும்பக்கம். எஸ் என்னும் அறையிற் குறும்பக்கம். விதிப்படி வரும் விடை ஆர் என்னும் அறைக்கு. வர்க்கமூலத்தால் வரும் மெய்விடை எச் என்னும் அறைக்கு. பின்னர் இரண்டையும், இரண்டன் வேறுபாட்டையும் காட்டுக என்று ஒரு வரி. எழுதி முடித்து இயக்கியதும் 'எர்ர்: சின்டாக்ஸ்' என்று கருவி நின்றுவிட்டது. கழித்தற் குறிக்கு ஒரு விசை. குறையெண்ணின் குறிக்கு மற்றொரு விசை. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே சிறு கோடு. ஒன்றனிடத்து மற்றொன்றை இட்டுவிட்டோம். உம் என்னும் ஒரே இடைச்சொல்லுக்கு எட்டுப் பொருள் உண்டென்று நன்னூல் கற்பிக்கும் எமக்கே இப்பிழை நேர்ந்தது! ஆயினும் சின்டாக்ஸ் என்பது தொடரிலக்கணம் அன்றோ? இருபது ஆண்டாகப் பிள்ளைகளின் கட்டுரையில் யாம் சிவப்பு மையாற் செய்துவரும் வேலையை அக்கருவி எமக்கே செய்தது. அதனினும் மேலாக, 'கோட்டூ' என்பதைத் தேர்ந்தால் பிழையுள்ள இடத்திலேயே கொண்டுபோய் நிறுத்தும். யாம் அவ்வளவு கனிவோடு திருத்தியதில்லை.

சொற்குற்றத்தை அது காட்டும், பொருட்குற்றத்தைக் காட்டாது. இதனை அன்றிரவே மூன்று முறை அறிந்தோம். முதன்முறை 3, 4 என்று கொடுத்தோம். விதிவிடை 4.625, மெய்விடை 5. வேறுபாடு, குறைவு 0.375. விதியே பொய் என்று யாம் திடுக்கிட்டபோது மருமகள் மெல்லச் சிரித்தாள். "நீண்டதை முதலில் கொடுக்கணும் என்று உங்களுக்குத் தெரியும் மாமா, இதற்கு யார் சொன்னது?" என்றாள். ஆம், நெடியது எது, குறியது எது என்று செய்யுளைப் படிக்கும் மாந்தன் தானே பார்த்துக்கொள்வான். கருவிக்கு அதனையும் ஒரு விதியாக எழுத வேண்டும்.

ஆகவே, எஸ் பெரிதாயின் இரண்டையும் இடமாற்றுக என்று எழுதினோம். எஸ்ஸில் உள்ளதை எல்லுக்கு, எல்லில் உள்ளதை எஸ்ஸுக்கு என்று. மீண்டும் 3, 4 கொடுத்தோம். விதிவிடை 5.5 என்றது! முதற் கட்டளையால் எல்லிலும் 4 புகுந்து, அங்கிருந்த 3 அழிந்தது. பின்னர் எஸ்ஸுக்கு வந்ததும் அதே 4. பாற்குவளையையும் மோர்க்குவளையையும் மூன்றாங் குவளை இல்லாமல் மாற்றிக்கொள்ள முயன்ற கதையாயிற்று. டி என்று மூன்றாம் அறை ஒன்று வைத்தோம்.

மூன்றாம் பிழையே எமக்கு மிக இனித்தது. இம்முறை வரிசை மாறாமல் 4, 3 என்றே கொடுத்தோம். 5 வருவதற்கு மாறாக 2.625 வந்தது. காரணம் இது. 'இஃப்' என்று ஒரு நிபந்தனை எழுதினால் அது அடுத்த ஒரு வரியை மட்டுமே ஆளும். அதன்பின் உள்ள வரிகள் நிபந்தனைக்குக் கட்டுப்படாமல் எப்போதும் நிறைவேறும். எம் நிரலில் இடமாற்றத்தின் முதல் வரி மட்டும் தவிர்க்கப்பட்டு, மற்ற இரண்டும் நிறைவேறின. டி என்னும் அறையிலோ சுழிதான் இருந்தது. அச்சுழி குறும்பக்கமாக வந்து அமர்ந்துவிட்டது. மூன்று வரியும் நிபந்தனைக்கு அடங்க வேண்டுமாயின், 'தென்' என்று தொடங்கி 'எண்ட்' என்று முடிக்க வேண்டும். இதனை அவள் விளக்கிய அளவில் எமக்கு மற்றொன்றும் வேண்டியிருக்கவில்லை. தனித்து நின்று பொருள் முடியும் பாட்டு முத்தகம். பல பாட்டுத் தொடர்ந்து ஒரு வினைகொண்டு முடிவது குளகம். 'இஃப்' முத்தகம், 'தென்' முதல் 'எண்ட்' வரை குளகம். இவ்வாறு கூறியதும் மருமகள் தன் குறிப்பேட்டில் அதனை எழுதிக்கொண்டாள். அச்செயல் எமக்குச் சிறு பெருமையே.

இனி நிரல் பிழையற்றது. ஆனால் ஒவ்வொரு சோடியாகக் கொடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தால் பொழுது விடிந்துவிடும். 'ஃபார்' என்றொரு கட்டளை உண்டு; ஒரு செயலை எண்மாற்றி எண்மாற்றித் திரும்பச் செய்விப்பது. நெடும்பக்கம் 1 முதல் 24 வரை. ஒவ்வொன்றுக்கும் குறும்பக்கம் 1 முதல் அந்நெடும்பக்க அளவு வரை. இங்ஙனம் 300 சோடிகள். ஒவ்வொன்றிலும் விதிவிடையும் மெய்விடையும் முற்றும் ஒத்தால் மட்டும் திரையிற் காட்டுக என்று எழுதினோம். வர்க்கமூலத்தின் கடைசி இலக்கங்கள் ஏமாற்றலாம் என்று மருமகள் எச்சரித்தமையால், ஏழு நெடியதும் நான்கு குறியதும் கூட்டிய தொகையின் வர்க்கம், இரு பக்க வர்க்கங்களின் கூட்டுத்தொகையைப் போல 64 மடங்கா என்று முழுவெண்ணிலேயே ஒப்பிட்டோம். வெற்றிலை மடித்து வாயிலிடும் நேரம். முந்நூறு சோடியில் ஒத்தவை எட்டு!

4, 3, 8, 6, 12, 5, 12, 9, 16, 12, 20, 15, 24, 10, 24, 18. இவையே அவ்வெட்டு. கூர்ந்து நோக்கின் எட்டும் இரண்டே. நான்குக்கு மூன்றும் அதன் மடங்குகளும், பன்னிரண்டுக்கு ஐந்தும் அதன் மடங்குகளும். யாம் பந்தலிற் கூறிய மூன்று எடுத்துக்காட்டும் இவ்வெட்டுக்குள் அடங்கியிருந்தன. முந்நூறு பேர் உள்ள ஊரில் மெய் பேசும் எண்மருள் மூவரை மட்டும் கண்டு, ஊர் முழுதும் மெய் பேசுவது என்று சான்றிதழ் எழுதிக் கொடுத்த கதை எம் கதை. அன்றிரவு யாம் உறங்கவில்லை.

மறுநாட் காலையில் அவ்விதியை வரைந்து பார்த்தோம். நெடும்பக்கத்தை ஒன்று என்று நிறுத்தி, குறும்பக்கம் சுழியிலிருந்து ஒன்று வரை வளர்வதாகக் கொள்க. மெய்க்கர்ணம் ஒரு வளைகோடு. விதிக்கர்ணம் ஒரு நேர்கோடு. இரண்டையும் கருவியில் இட்டு 'கிராஃப்' விசையை அழுத்தினால், நேர்கோடு வளைகோட்டின் கீழே தொடங்கி, அதனை வெட்டி மேலே எழுந்து, மீண்டும் வெட்டிக் கீழே இறங்குகின்றது. வெட்டும் இடம் இரண்டையும் கருவியே கணித்துச் சொல்லும், ஒன்று 0.41666667, மற்றொன்று 0.75. முன்னது பன்னிரண்டில் ஐந்து. பின்னது நான்கில் மூன்று. இரவில் நிரல் கண்ட இரண்டு குடும்பங்களும் பகலிற் கோட்டின்மேல் வந்து நின்றன. இவ்விரண்டுக்கும் இடையில் விதிவிடை சற்று மிகுதி. ஆயினும் முதலில் அம்மிகுதி எம் கண்ணுக்குத் தெரியவேயில்லை. இரு கோடும் ஒன்றன்மேலொன்று படுத்துவிட்டன. திரையின் ஒரு புள்ளிக்குரிய அளவு 0.011, மிகுதியோ உச்சத்திலும் 0.009. அவ்விடத்தை மட்டும் பெரிதாக்கிப் பார்த்த பின்னரே இரண்டும் பிரிந்து தோன்றின. 0.009 என்பது நம் பின்னக் கணக்கில் மூன்று முந்திரிக்கும் சற்றுக் குறைவு. நெடும்பக்கத்தில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை. இரு பக்கமும் சமமாகும் ஓரத்தில் விதி 0.039 குறைகின்றது. குறும்பக்கம் தேய்ந்து சுழியாகும் ஓரத்திலோ முழு அரைக்காலே குறைந்துவிடுகின்றது. பக்கம் ஒன்றாக இருக்கக் கர்ணம் எட்டில் ஏழு என்று வருவது நகைப்புக்கிடமான விடை.

இதனைக் கேட்டுக்கொண்டிருந்த எம் தெருத் தச்சர் ஒருவர் கூறியதை ஈண்டுச் சொல்லாமல் விடலாகாது. "ஐயா, ஓட்டுக் கூரைக்குக் கைமரம் அறுக்க இது சரியாக வரும். தாழ்ந்த சாய்ப்புக்கு அறுத்தால் மரம் எட்டாது" என்றார். பன்னிரண்டு அடி அகலத்துக்கு இரண்டு அடி உயரம் என்று நிரலிற் கொடுத்தோம். விதிவிடை 11.5 அடி, மெய்விடை 12.17 அடி. எட்டு அங்குலம் குறைவு. கைமரம் சுவரையே தொடாது! அவர் கூறிய ஓட்டுக் கூரையின் சாய்வோ ஏறத்தாழ 23 முதல் 37 பாகை வரை, அதாவது பன்னிரண்டுக்கு ஐந்து முதல் நான்குக்கு மூன்று வரை, பெரும்பாலும் அடங்கிவிடும். விதி செவ்வனே வேலை செய்யும் இடமும் அதுவே. கூரை வேய்வோர் கையில் வளர்ந்த விதி இது என்பது எம் ஊகம். தனக்குரிய இடத்தில் அது பொய்யன்று. இடம் கூறாமல் எடுத்தோதிய எம் வாயே பொய்த்தது. போதாயனர் என்னும் பெயரும் எம்மை மயக்கிற்று. வேள்விமேடை அமைக்கும் அளவுகளைக் கூறும் போதாயன சுல்ப சூத்திரம் என்னும் வடநூல், பக்க வர்க்கங்களின் உண்மையைப் பித்தாகோரசுக்கும் முன்னரே முழுமையாகக் கூறுகின்றது. இரண்டின் வர்க்கமூலத்துக்கு அந்நூல் தரும் பின்னம் 577/408. தசமத்தில் ஐந்தாம் இலக்கம் வரை மெய். அத்தகைய நூலின் பெயரை ஏந்தி வந்தமையால் இவ்விதியையும் ஆராயாமல் வணங்கினோம்.

ஈண்டு ஒரு பழைய செய்தி நினைவுக்கு வருகின்றது. 1825-ஆம் ஆண்டு மே 31-க்கும் ஜூன் 1-க்கும் இடைப்பட்ட இரவில் ஒரு சந்திர கிரகணம் நேர்ந்தது. புதுச்சேரியில் தமிழ்ப் பஞ்சாங்கக் கணிதர் ஒருவர் ஜான் வாரன் என்பவர்க்கு அதனைக் கணித்துக் காட்டினார். ஏடில்லை, எழுதுகோலில்லை. தரையிலே சோழிகளைப் பரப்பி நகர்த்தியும், சொற்களாகவும் அசைகளாகவும் மனப்பாடம் செய்திருந்த வாய்பாடுகளை ஓதியும் கணித்தார். கிரகணத் தொடக்கத்தில் 4 நிமிடமும், நடுவில் 23 நிமிடமும், முடிவில் 52 நிமிடமுமே பிழை. வாரன் இதனைத் தம் 'கால சங்கலிதம்' என்னும் நூலில் வியந்து குறித்தார். அவ்வியப்போடு வேறொன்றும் குறித்தார்; அக்கணிதர் தாம் செய்த கணக்கின் கொள்கை ஒன்றையும் அறிந்தவரல்லர் என்பது அது. ஆட்டோ நியூகெபாவர் என்னும் அறிஞர் 1952-இல் அச்செய்தியை மீண்டும் ஆராய்ந்து, பலநூற்றாண்டு வழிவழி வந்த முறையின் உயிர்ச்சான்று அது என்று மதித்தார்.

யாம் அக்கணிதரை இகழோம். அவர் நினைவின் வலிமையில் நூறில் ஒரு பங்கும் எமக்கில்லை. ஆயினும் அவர் உள்ளத்திலும் இக்கருவியுள்ளும் நடந்தது ஒன்றே. விதி வந்தது, விதிப்படி செயல் நடந்தது, விடை பிறந்தது. விதியை ஓதுவோனும் அதனை நிறைவேற்றுவோனும் அதன் எல்லையை அறியாமலே வாழ்நாளைக் கழித்துவிடலாம். யாம் அங்ஙனமே இருந்தோம். ஒன்றும் அறியாத கருவிக்கு அதனை எழுதிக் கொடுக்கப் புகுந்தபோதுதான், நெடியது முன்னே வரவேண்டும் என்பது முதல் தாழ்ந்த சாய்வுக்கு ஆகாது என்பது வரை, செய்யுள் கூறாமல் விட்டவை எல்லாம் ஒவ்வொன்றாக எதிரே வந்து நின்றன. கருவி பிள்ளைகளின் மூளையை மழுக்கிவிடும் என்று நம் பெரியோர் சிலர் சென்ற கூட்டத்தில் அஞ்சினர். விடையை மட்டும் வாங்கும் பிள்ளைக்கு அவ்வச்சம் பொருந்தும். நிரல் எழுதும் பிள்ளைக்குப் பொருந்தும் என்று எமக்குத் தோன்றவில்லை.

மருமகள் கூறிய மற்றொன்றும் இதற்குச் சான்று. சிங்கப்பூரிலே தேர்வுக்குமுன் கருவியின் நினைவை முற்றும் அழித்து வெறுமையாக்கிவிட வேண்டுமாம். எம் நிரலும் அவ்வாறே அழிந்துபோகும் என்றாள். சுவடிக்கட்டை ஆற்றில் விடுவது போல எமக்கு நெஞ்சு பதைத்தது. "அழிந்தால் என்ன மாமா, மறுபடி எழுத ஐந்து நிமிடம் போதும்" என்றாள் அவள்.

இனி அப்பிள்ளையின் செய்தி. மார்கழியில் ஒருநாள் அவனை வீட்டுக்கு அழைத்து, 17.125 எங்கிருந்து வந்தது என்பதைத் திரையிற் காட்டினோம். எட்டுக்கும் பதினைந்துக்கும் உள்ள பங்கு 0.533, மிகுதி உள்ள பகுதிக்குள்ளேயே அது கிடக்கின்றது. எம் பிழையைப் பொறுக்குமாறும் கேட்டோம். அவன் அதனைச் செவியிற் கொண்டானோ இல்லையோ, கண் திரையைவிட்டு அகலவில்லை. "ஒரு கோடு நடுவில் மட்டும் சரியென்றால், இரண்டு பக்கத்துக்கும் வேறு வேறு கோடு போட்டால் என்ன?" என்றான். எமக்கும் மருமகளுக்கும் தோன்றாதது இது. அவனும் அவளும் மாலை வரை அதிலேயே இருந்தனர். சுழியிலுள்ள மெய்யான புள்ளியையும் பன்னிரண்டில் ஐந்திலுள்ள மெய்யான புள்ளியையும் நேர்கோட்டால் இணைத்தால் வரும் விதி வியப்பானது: நெடும்பக்கம் முழுதும், குறும்பக்கத்தில் ஐந்திலொன்றும். மேற்பகுதிக்கு, நான்கில் மூன்றுக்கு மேல், அவர்கள் எண்மாற்றிப் பார்த்துத் தேர்ந்தது, நெடும்பக்கத்தில் முக்காலும் குறும்பக்கத்தில் மூன்றில் இரண்டும். இரு பக்கமும் பத்துப் பத்தாயின் இவ்விதி தருவது 14.167, மெய் 14.142. கீழ்ப்பகுதியில் மிகுதி நூற்றுக்கு இரண்டு; மேற்பகுதியில் நூற்றுக்கு அரையும் இல்லை. தச்சரின் பன்னிரண்டுக்கு இரண்டு அடிச் சாய்ப்புக்குப் புதுவிதி தருவது 12.4 அடி. மூன்று அங்குலத்துக்குட்பட்ட மிகுதி. மிகுந்த மரத்தை அறுத்துக்கொள்ளலாம் என்று அவரும் ஒப்பினார். மூன்று குளகம் அடுக்கிய அந்நிரலைப் பையன் தன் ஏட்டிற் படியெடுத்து வைத்திருக்கின்றான். கருவி இப்போது கடல் கடந்து போயிற்று. தேர்வறையில் வர்க்கமூலமே எழுதுவேன் என்று தந்தையாரிடம் வாக்களித்திருக்கின்றான் என்றும் அறிந்தோம்.

இழந்த மதிப்பெண்ணை எம்மால் மீட்டுத்தர இயலவில்லை. அவன் எம்மிடம் கேட்டதும் அதுவன்று. பழைய விதிக்குச் செய்யுள் இருக்கின்றதே, புதிய இரண்டு விதிக்கும் ஒரு செய்யுள் வேண்டும் என்றான்; மூன்று விதிக்கும் உரிய எல்லையும் அதிலேயே சொல்லப்பட வேண்டுமாம். யாமும் ஒப்புக்கொண்டோம். எல்லைகள் மூன்றையும் வெண்பாவில் அடக்கப் பத்து நாளாக முயல்கின்றோம். முதலிரண்டு அடி அமைந்தன, மூன்றாம் அடியிற் பன்னிரண்டும் ஐந்தும் வந்து தளை தட்டுகின்றது. அடுத்த திங்கட் கூட்டத்துக்குள் அமைந்துவிட்டால் பாடிக் காட்டுவோம். அன்று தச்சரும் பையனும் முன்வரிசையில் அமர்ந்து பிழை பார்ப்பார்களாக.